பாதிக் கதையும் முழுத் தீர்ப்பும்

நம் சமுதாய மேடைகளில் பல்லாண்டுகளாக ஒரு கதை சொல்லப்பட்டு வருகிறது. இலண்டன் மாநகரிலே கிதார் வாசித்துப் பாடிப் பெரும் புகழும் பொருளும் ஈட்டிய கேட் ஸ்டீவன்ஸ் என்னும் பாடகர் கடலில் மூழ்கி உயிர் தப்பினார், தமையன் பரிசளித்த திருக்குர்ஆன் பிரதியைப் படித்து உள்ளம் நெகிழ்ந்தார், 1977-ஆம் ஆண்டு இஸ்லாத்தைத் தழுவினார், யூசுப் இஸ்லாம் ஆனார், புகழைத் துறந்தார், கிதார்களை விற்று அறப்பணிக்கு ஈந்தார். இவ்வளவும் உண்மை. கேட்போர் கண் கசியும். கதை முடிந்த மறுகணமே பேச்சாளர் பின்வரிசை வாலிபர்களை நோக்கி விரல் நீட்டுவார்: வெள்ளைக்காரரே விட்டொழித்த குப்பையை நீங்கள் காதில் மாட்டிக்கொண்டு திரிகிறீர்களே என்பார். தகப்பன்மார் தலையசைப்பர். பிள்ளைகள் தரையைப் பார்ப்பர்.

அந்தக் கதை 1977-இல் முடிந்துவிடவில்லை என்பதை எவரும் அப்பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. யூசுப் இஸ்லாம் 1983-இல் இலண்டனில் முஸ்லிம் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளிக்கூடத்தை நிறுவினார். 1995-இல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வை உரையாக ஒலிப்பதிவு செய்து வெளியிட்டார். அப்போதும் கிதாரைத் தொடவில்லை. பின்னர் அவருடைய மகன் ஒரு கிதாரை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். தகப்பன் துறந்ததை மகன் சுமந்து வந்தார். அது வீட்டின் ஒரு மூலையில் இருந்தது. ஒரு விடிகாலையில் தகப்பன் அதை எடுத்து மீட்டிப் பார்த்தார். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் விரல்கள் மறந்திருக்கவில்லை. 2006-இல் கிதாருடன் அவருடைய புதிய இசைத்தொகுப்பு வெளிவந்தது. தாம் ஏன் இன்னும் கிதாரை ஏந்துகிறேன் என்று மார்க்க நூல்களை ஆராய்ந்து தனி நூலே 2014-இல் எழுதி வெளியிட்டார்.

அவர் முதலில் செய்தது சரியா, பின்னர் செய்தது சரியா என்பது வேறு வழக்கு. இரண்டையும் அவர் இறையச்சத்தோடே செய்தார் என்று நல்லெண்ணம் கொள்வது நம் கடமை. என் வழக்கெல்லாம் மேடைப் பேச்சாளர்களோடு. 1977-ஐ மணிக்கணக்கில் வர்ணிப்போர் 2006-ஐ ஏன் விழுங்கிவிடுகின்றனர்? பாதிக் கதை சொல்லி முழுத் தீர்ப்பு வழங்குவதற்கு எந்தக் கிதாபில் அனுமதி கண்டனர்? கூட்டம் முடிந்து வீடு திரும்பும் பிள்ளை கைபேசியில் ஒரு நொடி தேடினால் மீதிக் கதை கிடைத்துவிடுகிறது. இந்த அத்தாமார் இதையே மறைத்தார்கள் என்றால் இன்னும் எவற்றையெல்லாம் மறைத்திருப்பார்களோ என்று அவன் எண்ணத் தொடங்குகிறான். கிதாரால் கெடாத பிள்ளையும் அந்த ஐயத்தால் கெட்டுப்போவான். எனக்குள்ள அச்சம் அதுவே.

நிற்க. மார்க்கத் தீர்ப்புதான் என்ன என்று கேட்போருக்கு, ஓதிய அளவில் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். தந்திக் கருவிகளும் ஊதுகருவிகளும் விலக்கப்பட்டவை என்பதே நான்கு மத்ஹபுகளிலும் பெரும்பான்மை இமாம்களின் கூற்று. புகாரியில் பதிவான இசைக்கருவிகள் பற்றிய ஹதீஸ் அவர்களுக்கு வலுவான ஆதாரம். ஸ்பெயின் தேசத்து இப்னு ஹஸ்ம் (ரஹ்) அதன் அறிவிப்பாளர் தொடர் இடையறுந்தது என்று வாதிட்டு இசையை ஆகுமாக்கினார். பிற்காலத்து இப்னு ஹஜர் (ரஹ்) அத்தொடரை இணைத்துக் காட்டி அதற்கு மறுப்பளித்தார். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் இன்னும் நுட்பமாகப் பேசுகிறார். ஒலி இனிமையாயிருப்பதால் எதுவும் விலக்காகிவிடாது, அப்படியானால் குயிலின் குரலும் விலக்காக வேண்டும் என்று காட்டி, அக்கருவிகள் குடிகாரர் சபையின் அடையாளமாக இருந்தமையே தடையின் காரணம் என்கிறார்.

நம் கடற்கரை ஊர்களின் ஷாபிஈ மத்ரஸாக்களில் பாடமாக ஓதப்படும் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜும் இதே காரணத்தையே கூறுகிறது. சாட்சியத்தைப் பற்றிய பகுதியில், குடிப்போரின் சின்னமான கருவிகள் கூடா என்று வருகிறது. அதே இடத்தில் நாணற்குழல் பற்றி இமாம் ராஃபிஈ (ரஹ்) கூடும் என்றதை முதலில் எழுதிவிட்டு, அதன் பின்னரே தம் கருத்து அதற்கு மாறானது என்று நவவீ எழுதுகிறார். தமக்கு முன் வாழ்ந்தவரின் மாற்றுக் கருத்தை அவர் அழித்துவிடவில்லை. தாயிராவோ, மணி கோத்த தஃபோ ஆகும் என்பதும் அங்கேயே உள்ளது. இவ்வளவு விரிந்த ஒரு பேச்சை, "கிதாரைத் தொட்டவன் ஷைத்தானைத் தொட்டான்" என்று ஒற்றை வரியாகச் சுருக்குவது ஓதியவர் செய்யும் காரியமன்று.

ஷைத்தான் என்ற சொல் வந்துவிட்டதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெருநாளன்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் இரு சிறுமியர் புஆஸ் போர்க்காலப் பாடல்களைப் பாடிக்கொண்டிருந்தனர். உள்ளே வந்த அபூபக்ர் (ரலி) அவர்கள், அண்ணலாரின் இல்லத்திலா ஷைத்தானின் குழல் என்று கடிந்தார்கள். நம்மவர் இங்கேயும் பாதியில் நிறுத்திவிடுவர். போர்த்திப் படுத்திருந்த நபி (ஸல்) அவர்கள் முகத்தை வெளிப்படுத்தி, அவர்களை விட்டுவிடுமாறும், ஒவ்வொரு சமுதாயத்துக்கும் ஒரு பெருநாள் உண்டு என்றும், இது நம் பெருநாள் என்றும் கூறினார்கள். கடிந்தவர் யார்? ஆயிஷா நாயகியின் தகப்பனார். பாட்டுக் கேட்டவர் அவருடைய இளவயது மகளார். தகப்பனின் கண்டிப்பிலே குற்றமில்லை. ஆயினும் அன்று அந்த வீட்டில் அதுவே இறுதிச் சொல்லாக இருக்கவில்லை.

எல்லா இசையும் விலக்கு என்று கொண்டு, தம் வீட்டில் எந்தக் கருவியின் ஒலியையும் அனுமதிக்காத பெரியவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் தலைவணங்குகிறேன். அவர்களிடம் இரட்டை அளவுகோல் இல்லை. இக்கட்டுரை அவர்களை நோக்கியதும் அன்று. நான் கேட்பது மற்றவர்களை. இசைமுரசு நாகூர் இ. எம். ஹனீபா அவர்களின் (1925-2015) கம்பீரக் குரலைக் கேட்காத தமிழ் முஸ்லிம் இல்லம் உண்டா? கலியாண வீட்டுப் பந்தலில் ஒலிபெருக்கி கட்டியவுடன் முதலில் முழங்கியது அக்குரலே அன்றோ? அந்த இசைத்தட்டுகளும் ஒலிநாடாக்களும் வாத்தியங்களோடுதான் வெளிவந்தன. அவற்றிலே வாத்தியம் கேட்டபோது கண்ணை மூடிச் சுவைத்த அத்தா, மகனின் அறையிலே தந்தி அதிர்ந்தால் மட்டும் ஹதீஸை எடுப்பானேன்? ஐம்பதுகளின் சினிமாப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஒளுச் செய்யப் போகிறவரும் இதே பஞ்சாயத்தில் நாட்டாமையாக அமர்கிறார்!

அது நம் இசை, இது அந்நிய இசை என்பர். ஆர்மோனியத்தின் கதை இவர்களுக்குத் தெரியுமோ? கவ்வாலிக்கும் இஸ்லாமிய கீதத்துக்கும் உடன்பிறந்தது போல் இன்று தோன்றும் அப்பெட்டி ஐரோப்பாவிலிருந்து வந்தது. அந்நியக் கருவி, நம் சுருதிக்கு ஒவ்வாதது என்று அகில இந்திய வானொலி 1940-இல் அதைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கியது. 1971 வரை தடை நீடித்தது. நம் திருச்சி வானொலி நிலையம் 1939-இல் தொடங்கியது. ஓராண்டு நிறையும் முன்பே ஆர்மோனியத்துக்குக் கதவு சாத்திவிட்டது. ஒரு தலைமுறையின் அந்நியக் கூச்சல் மறு தலைமுறையின் பக்திப் பெட்டியாயிற்று.

காவிரிக்கு அக்கரையில், திருவரங்கத்தில், ஷேக் சின்ன மௌலானா சாகிப் வாழ்ந்தார். ஆந்திர நாட்டுக் கரவதியில் 1924-இல் நாகசுர மரபில் பிறந்து திருவரங்கத்தையே இல்லமாக்கிக்கொண்டவர். 1977-இல் பத்மஸ்ரீ, 1998-இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி. 1999-இல் மறைந்தார். பேரர்கள் காசிம், பாபு இருவரும் அவரிடமே பயின்று அக்கலையைத் தொடர்ந்தனர். பாட்டனார் மூச்சு பேரர் குழலில் வந்தது. நாகசுரம் என்பது கிதாபுகளின் மொழியில் மிஸ்மார் இனம், அதில் ஐயமில்லை. ஆயினும் திருச்சி முஸ்லிம்களில் எத்தனை பேர் "நம்மவர்" என்று அவரைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டனர்! அப்பெருமையை நான் தவறென்று சொல்லவில்லை. அதே வாயால் பேட்டைப் பையனின் கிதாரைப் பழிக்க வேண்டாம் என்கிறேன்.

இனி, ராக் என்பதுதான் என்ன? நம் அன்பர் ஒருவர் அதைப் "பாறை இசை" என்று தமிழாக்கித் துண்டறிக்கை எழுதியிருந்தார். மலைக்கோட்டையைப் பார்த்து வளர்ந்த ஊராரிடம் பாறையை இழிவாகப் பேசலாமா என்று நகைத்துக்கொண்டேன். அச்சொல் அங்கே பாறையைக் குறிப்பதன்று, அசைந்தாடுதலைக் குறிப்பது. அமெரிக்கப் பருத்திக் காடுகளில் அடிமைகளாய் உழன்ற ஆப்பிரிக்க மக்களின் துயரப் பாட்டிலிருந்து ப்ளூஸ் பிறந்தது. ப்ளூஸின் வயிற்றில் 1950-களில் ராக் பிறந்தது. அவ்வாறு கப்பலேற்றப்பட்டவர்களுள் கணிசமானோர் மேற்கு ஆப்பிரிக்க முஸ்லிம்கள். வயலில் அவர்கள் நீட்டிக் கூவிய ஓலத்தில் பாங்கோசையின் சாயல் உண்டு என்று சில்வியான் தியூஃப் போன்ற ஆய்வாளர் கருதுகின்றனர், மறுப்போரும் உளர். ஐரோப்பாவின் லூட் என்னும் கருவி, பெயரோடும் உருவோடும், நம் அரபு நாட்டு ஊத் வழிவந்தது என்பதில் எவருக்கும் மறுப்பில்லை. பக்தாதின் ஸிர்யாப் 822-இல் குர்துபா நகருக்கு ஊத் ஏந்திச் சென்ற வரலாறு நாம் மத்ரஸாவில் படித்ததே. ரே சார்லஸை உலகறியச் செய்து, பின்னர் லெட் செப்லின் குழுவையும் ஒப்பந்தம் செய்த அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தை 1947-இல் இணைந்து தொடங்கியவர் அஹ்மத் எர்தகுன், துருக்கித் தூதரின் மகன். 1971 ஆகஸ்டு முதல் நாள் வங்காள தேசத்து அகதிகளுக்காக நியூயார்க்கில் ஜார்ஜ் ஹாரிசன் நடத்திய ராக் நிகழ்ச்சியில், ரவிசங்கரோடு மேடையேறியவர்கள் அலி அக்பர் கானும் அல்லா ரக்காவும். பசித்த முஸ்லிம் அகதிக்கு அன்று கஞ்சி வார்த்ததில் கிதாருக்கும் பங்குண்டு.

அதற்காக இதைப் பரிசுத்தம் என்று சான்றளிக்க நான் வரவில்லை. கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் அளவுகோலையே எடுத்து வைத்தால் ராக் சபை பல இடங்களில் தோற்றுப்போகும். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், ஜானிஸ் ஜாப்ளின் இருவரும் 1970-இல், போதையால், இருபத்தேழு வயதில் மாண்டனர். நம் நாட்டிலேயே எழுபதுகளின் தொடக்கத்தில் ராக் குழுக்களின் போட்டியை நடத்தியது சிகரெட் கம்பெனி; போட்டிக்குப் பெயரும் சிகரெட்டின் பெயரே. சபை இது, சாராயம் இது, சொல் இது என்று சுட்டிக்காட்டிக் கண்டிப்பவரோடு நானும் சேர்ந்து கண்டிப்பேன். ஆனால் அப்படிக் கண்டிக்க வேண்டுமானால் முதலில் கேட்க வேண்டும்! மகன் கேட்கும் பாட்டின் சொல் என்ன, பொருள் என்ன என்று எந்தத் தகப்பனாவது கேட்டறிந்தாரா?

கேட்டறியும் வாய்ப்பு ஒரு காலத்தில் தானாகவே அமைந்திருந்தது. வானொலிப் பெட்டி கூடத்தில் இருந்தது. இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சியை வீடே கூடிக் கேட்டது. பின்னர் பையன் ஆங்கிலச் சேவைக்கு முள்ளைத் திருப்பினால் அதையும் வீடே கேட்டது, திட்டிக்கொண்டாவது. எழுபதுகளின் பிற்பகுதியிலும் எண்பதுகளிலும் சபராளிகள் வளைகுடாவிலிருந்து டேப் ரிக்கார்டர் கொண்டுவந்தனர். துணிமணி, அத்தர், பேரீச்சம்பழத்தோடு கேசட்டுகளும் பெட்டியில் வந்தன: குர்ஆன் கிராஅத், ஹனீபா, இடையிடையே வெள்ளைக்காரப் பாட்டு. அத்தாவின் குரலே கடிதமாகக் கேசட்டில் வந்த காலம் அது. பொன்மலை ரயில்வே குடியிருப்பில் ஆங்கிலோ இந்தியர் கிதார் வாசித்தனர். துவாக்குடிப் பொறியியற் கல்லூரியில் 1975 முதல் ஆண்டுதோறும் மாணவர் கலைவிழா நடைபெற்றது. எங்கள் எடமலைப்பட்டி புதூர், கிராப்பட்டி பக்கத்துப் பிள்ளைகளுக்கு இவை ஒரு பேருந்துத் தொலைவுதான். ஒருவன் கேசட்டை நால்வர் படியெடுத்தனர். அண்ணன் கேட்டதைத் தம்பி கேட்டான். தம்பி கேட்பதைத் தாய் அடுப்படியிலிருந்து கேட்டாள். சத்தம் மிகுந்தால் அத்தா வந்து நிறுத்தினார். நிறுத்துவதற்கேனும் அவர் அதைக் கேட்க வேண்டியிருந்தது.

இன்று மதுரைச் சாலையில் பேருந்துக்கு நிற்கும் பிள்ளைகளைப் பாருங்கள். ஒவ்வொரு காதிலும் இயர்போன். ஒருவன் கேட்பது மற்றவனுக்குத் தெரியாது. ஒரே கூடத்தில் அத்தா கைபேசியில் பயான் கேட்கிறார், மகன் ராக் கேட்கிறான், மகள் வேறெதுவோ கேட்கிறாள். மூவரும் ஒருவரையொருவர் கேட்பதில்லை. வீட்டில் சத்தமில்லை, ஆகவே எல்லாம் ஒழுங்காயிருக்கிறது என்று அத்தா நினைக்கிறார். இதைவிட அந்தப் பழைய சண்டை எவ்வளவோ மேல். ஏ. ஆர். ரஹ்மான் இசையில் 2011-இல் வெளிவந்த "ராக்ஸ்டார்" படத்தில் டில்லி நிஜாமுத்தீன் அவ்லியா தர்காவின் கவ்வாலியும் உண்டு, சினங்கொண்ட ராக் பாட்டும் உண்டு. அவரே இளமையில் சென்னையில் ராக் குழுக்களில் வாசித்தவர். அந்தப் படத்தின் பாட்டுகளை அத்தாவும் மகனும் சேர்ந்து கேட்டிருந்தால், இதில் இது நம்முடையது, இது ஏன் இப்படிக் கத்துகிறது என்று பேச ஒரு வாய் திறந்திருக்கும்.

இவ்வளவுக்கும் மூலமான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் பலருக்குக் கசக்கும். நம் வீடுகள் எக்காலமும் இப்படி மௌனமாக இருந்தனவல்ல. ரமலானில் சஹருக்கு எழுப்ப பக்கீர்ஷா தாயிரா தட்டித் தெருவழியே பாடி வந்தார். நன்னிமார் நூறு மசலாவையும் கிஸ்ஸாக்களையும் மாலைகளையும் முனாஜாத்துகளையும் ராகமிட்டு ஓதினர். எழுதத் தெரியாதவர்கள் மனப்பாடமாகவே வைத்திருந்தனர். குணங்குடி மஸ்தான் சாகிபு (1792-1838) அவர்களின் பாடல் நெசவாளி வாயிலும் வண்டிக்காரர் வாயிலும் இருந்தது. கடந்த நாற்பதாண்டுகளில் நம்மில் ஒரு சாரார் இவையெல்லாம் பித்அத், இவையெல்லாம் கட்டுக்கதை என்று வீடுவீடாகச் சென்று நிறுத்தினர். மிகையும் பொய்யும் அவற்றில் கலந்திருந்தது உண்மை, திருத்தியிருக்கலாம். அவர்கள் திருத்தவில்லை, துடைத்துவிட்டனர். நன்னி வாய் மூடினாள். துடைக்கப்பட்ட அவ்விடம் வெறுமையாகவா இருக்கும்? வீட்டுக்குள்ளே ஒரு பாட்டும் இல்லாத பிள்ளை வெளியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தான். முனாஜாத்தை விரட்டியவரே இன்று கிதாரைக் கண்டு அலறுகிறார்!

வாலிபர்களே, உங்களிடமும் எனக்கு ஒரு வழக்குண்டு. அத்தாவின் ஹனீபா கேசட்டைப் பழங்குப்பை என்று எடைக்குப் போட்டவர்கள் நீங்கள். நிஜாமுத்தீன் தர்காக் கவ்வாலி இந்தியில் வந்தால் மெய்சிலிர்க்கிறீர்கள். நத்தர்வலி தர்கா வாசலில் ஒரு முதிய பக்கீர் தமிழில் பாடினால் இயர்போனைக் கழற்றுவதில்லை. இலண்டன் பாடகர் எந்த ஆண்டு எந்தத் தொகுப்பு வெளியிட்டார் என்பது உங்களுக்கு விரல்நுனியில் இருக்கிறது. உங்கள் நன்னிக்கு எத்தனை முனாஜாத் தெரியும் என்று கேட்டால் விழிக்கிறீர்கள். அமெரிக்க அடிமையின் பாட்டு மூன்று தலைமுறை கைமாறி உங்கள் காதுக்கு வந்தது, யாரோ ஒருவர் அதைக் கேட்டுப் பதிந்து வைத்ததால். இங்கே பதிந்து வைக்க எவரும் இல்லை. சென்னையில் 2018 ஜனவரியில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவினர் கானாவையும் பறையையும் கிதாரோடு நிறுத்தி மேடையேற்றினரே, அவர்களுக்குத் தம் பாட்டனார் பாட்டு வெட்கமாக இருக்கவில்லை.

முனாஜாத்தை முழுதாய் ஓதக்கூடிய பெண்மணிகள் நம் முஹல்லாக்களில் இன்று விரல்விட்டு எண்ணத்தக்கவர். பெரும்பாலோர் எண்பதைக் கடந்தவர்கள். கிதார் வாசிப்பைப் பதிவு செய்யும் அதே கைபேசியை எடுத்துக்கொண்டு அவர்களிடம் செல்லுங்கள். அஸருக்குப் பின் செல்லுங்கள். காலையில் மூச்சிரைப்பு இருக்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதியுங்கள். வெட்கப்பட்டு மறுப்பார்கள், அத்தாவை உடன் அழைத்துச் சென்றால் அவருக்குத் தெரிந்த முதலடியை அவர் எடுத்துக்கொடுப்பார், மற்றவை வரும். சொல் புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அரபுத் தமிழ்ச் சொல்லாயின் உங்கள் பகுதி உஸ்தாதிடம் கேளுங்கள். வரும் ரமலானுக்கு முன் செய்துவிடுங்கள்.